போன செவ்வாய்க்கிழமை என்ன செய்தீங்க?

ஒரே விஞ்ஞானியை எங்கள் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு முறை பேட்டி எடுத்தார்கள். 2024 ஜூலையில் எடுத்தது தோற்றது. செப்டம்பரில் எடுத்தது பள்ளிச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது. நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் அங்கே உயிரியல் பாடம் எடுக்கிறேன். பேட்டிக்கு ஏற்பாடு செய்ததும் நான்தான், முதல் முறை அதைக் கெடுத்ததும் நான்தான். விஞ்ஞானியின் பெயரோ அவர் வேலை செய்யும் இடமோ பள்ளியின் பெயரோ இதில் வராது. அவர் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்.

பள்ளி இருப்பது மண்டபத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, கடலோரம். பாக் விரிகுடாவை எங்கள் ஊரில் வடகடல் என்பார்கள். மன்னார் வளைகுடா தென்கடல். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் வல்லம், அதாவது நாட்டுப்படகு, உண்டு, இல்லாவிட்டால் வல்லத்துக்குப் போகிறவர் உண்டு. சில பிள்ளைகளின் அம்மாக்கள் பாசி எடுக்கப் போகிறவர்கள்.

தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022-இல் வந்த பிறகு மேல்படிப்பு பற்றிய பேச்சு வகுப்பில் அடிக்கடி நடக்கிறது. ஒருநாள், தெரிந்த விஞ்ஞானி ஒருவர் பெயரைச் சொல்லச் சொன்னேன். வகுப்பே சேர்ந்து “அப்துல் கலாம்” என்றது. சரி, ராமேஸ்வரத்தில் பிறந்து ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தவர், நம் பக்கத்து ஆள். இன்னொருவர்? பேச்சில்லை. இத்தனைக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971-இல் கொச்சிக்குப் போகும்வரை மண்டபம் முகாமில்தான் இருந்தது. அதன் மண்டல மையம் இன்றும் அங்கே இயங்குகிறது. கடல் விரால் (கோபியா) மீனை இந்தியாவில் முதன்முதலாகக் குஞ்சு பொரிக்க வைத்தது 2010-இல் அந்த மையத்தில்தான். அந்த மீனைக் கூண்டில் வளர்த்து விற்றவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். மீன் தெரிந்த வீட்டில் அதன் பின்னால் இருந்த ஆட்களைத் தெரியவில்லை. படகில் முக்குளிப்புச் சாமான்களோடு போகிறவர்களைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். “ஆபீஸ்காரங்க” என்று ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதனால்தான் பேட்டி எடுக்கலாம் என்று தோன்றியது. கடல்புல் பற்றி ஆராயும் ஒரு பெண் விஞ்ஞானி, இதே மாவட்டத்துக் கடற்கரைக் கிராமத்துக்காரர், தெரிந்தவர் மூலம் கிடைத்தார்.

முதல் பேட்டி

பன்னிரண்டு கேள்விகளை நானே எழுதினேன். “விஞ்ஞானி ஆக வேண்டும் என்ற எண்ணம் எப்போது வந்தது?”, “உங்களுக்கு ஊக்கம் அளித்தவர் யார்?”, “சந்தித்த சவால்கள் என்ன?”, “மாணவர்களுக்கு உங்கள் அறிவுரை?” இப்படிப் போகும். முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வைத்தேன். அது மரியாதை என்று நினைத்தேன்.

அவருடைய அலுவலக அறையில் உட்கார்ந்தோம். அவருடைய மேலதிகாரி அதே அறையில் வேறு மேசையில் இருந்தார். ஆறு பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். அவர்கள் கூச்சப்பட்டதால் முக்கால்வாசிக் கேள்விகளை நானே கேட்டேன். பதினெட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே கடல்மேல் ஆர்வம். ஊக்கம் அளித்தவர்கள் பெற்றோரும் ஆசிரியர்களும். 2009-இல் பிளஸ் டூ, 2012-இல் பி.எஸ்சி. விலங்கியல், 2014-இல் பரங்கிப்பேட்டையில் எம்.எஸ்சி. கடல் உயிரியல், 2016-இல் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தது, 2021-இல் பட்டம். அறிவுரை: விடாமுயற்சி. அவர்மேல் குற்றமில்லை. கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோலக் கேட்டால் பதிலும் அப்படித்தான் வரும்.

ஆறு பேரும் எழுதிக் கொடுத்த கட்டுரைகள் ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதியது மாதிரி இருந்தன. ஒரு மாணவி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்: “டீச்சர், இது அவங்க பயோடேட்டால இருக்கும்ல? நாம எதுக்குப் போனோம்?”

அன்று கொஞ்சம் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய்ப் பதிவை மறுபடி கேட்டேன். பதினெட்டு நிமிடத்தில் என் குரல்தான் பாதி.

நடுவில் நடந்தது

திருத்தம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு வல்லக்காரர் வீட்டிலிருந்து. பேட்டி எடுக்கப் பழகட்டும் என்று, வீட்டில் ஒருவரிடம் அவர் தொழிலைப் பற்றிக் கேட்டு வரச் சொல்லியிருந்தேன். ஒரு பையன் அப்பாவிடம் என் பாணியிலேயே ஆரம்பித்திருக்கிறான்: “எப்படிப்பா மீனவர் ஆனீங்க?” அவர், “ஏண்டா, ஸ்கூல்ல இதத்தான் சொல்லிக் குடுக்குறாங்களா?” என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் பையன் வேறு மாதிரி கேட்டிருக்கிறான். “போன செவ்வாக்கிழமை எங்கப்பா வலை விட்டீங்க?”

செவ்வாய்க்கிழமைக்கு இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் பக்கம் திங்கள், புதன், சனி விசைப்படகு நாள். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. செவ்வாய் என்றால் வல்லம் கட்டாயம் கடலில் இருக்கும். அப்பா பேச ஆரம்பித்தார். நண்டு வலை, கச்சான் காற்று கொஞ்சம் தணிந்திருந்தது, வழக்கமான இடத்தில் விடாமல் புல் முடியும் ஓரத்துக்குப் போனது. ஏன் அங்கே? நண்டு அங்கேதான் ஒதுங்கும். அது எப்படித் தெரியும்? மாமனார் காட்டிக் கொடுத்தது. மாமனாரோடு எப்போது போனீங்க? விசைப்படகில் கூலிக்குப் போவதை விட்ட வருஷம். ஏன் விட்டீங்க? அப்புறம் ஒரு மணி நேரம். மாமனாரிடம் கடன் வாங்கி வல்லம் எடுத்தது, இரண்டு வருடம் வட்டி கட்ட முடியாமல் திணறியது, எல்லாம். “இதெல்லாம் எனக்கே தெரியாது டீச்சர்” என்றான் பையன்.

கேட்காத கேள்விக்குப் பதில் முழுக்க வந்துவிட்டது. ஒரு நாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதற்கு முந்தியது என்ன, அதற்கும் முந்தியது என்ன என்று பின்னோக்கி நடந்தால் வாழ்க்கைப் பாதை தானாக வெளியே வருகிறது. ‘பாதை’ என்று நேரே கேட்டால் ஆள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்.

பிள்ளைகளும் நானும் சேர்ந்து கேள்வித் தாளைக் கிழித்தோம். நிஜமாகவே கிழித்தோம், அவர்களுக்கு அதில் ஒரு சந்தோஷம். வைத்துக்கொண்டது ஒரே ஒரு தொடக்கக் கேள்வி. அதன்பின், பேச்சில் ஒரு திருப்பம் வரும்போதெல்லாம் கேட்க வேண்டியவை: அப்போது கையில் எவ்வளவு பணம் இருந்தது, வேறு எந்த வழி இருந்தது, யார் வேண்டாம் என்றார்கள். எனக்கும் ஒரு விதி போட்டார்கள். டீச்சர் வாயைத் திறக்கக் கூடாது.

இரண்டாவது பேட்டி

மறுபடி நேரம் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “சனிக்கிழமை காலையில் கரைக்கு வாங்க, படகு ஏறுறதுக்கு முன்னாடி ஒன்றரை மணி நேரம் இருக்கு” என்றார். செப்டம்பரில் வடகடல் அமைதியாக இருக்கும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் இங்கே கலங்கிவிடும்; அவர்கள் வேலை தென்கடலுக்கு மாறிவிடும். பெற்றோர் கையெழுத்து, தலைமை ஆசிரியர் அனுமதி, கூட வர இன்னொரு ஆசிரியர், முழங்கால் தண்ணீருக்கு மேல் யாரும் போகக் கூடாது என்ற ஏற்பாடு எல்லாம் செய்துகொண்டு போனோம். மறந்தது ஒன்றுதான். காற்று. செல்போன் பதிவில் முதல் இருபது நிமிடம் வெறும் இரைச்சல். ஒரு மாணவி பிறகு கைக்குட்டையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள், அதற்கப்புறம்தான் குரல் கேட்கிறது.

“மேடம், போன செவ்வாய்க்கிழமை என்ன செஞ்சீங்க?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “செவ்வாய்க்கிழமையா? காலையில பூரா பில்லு.” படகு வாடகைச் சீட்டில் ஒரு கையெழுத்து இல்லை என்று திரும்பி வந்திருக்கிறது, அதைச் சரிசெய்து வாங்கவே மதியம் ஆகிவிட்டது. பிற்பகலில் முந்தின வாரம் எடுத்து வந்த கடல்புல்லைக் கழுவி, இலையில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டி, இலை தனியாக வேர் தனியாகப் பிரித்து, 60 டிகிரி அடுப்பில் காயவைத்திருக்கிறார். காய்ந்தபிறகு எடை போட வேண்டும். சாயங்காலம் கணினியில் எண்களை ஏற்றியது. கடலுக்குப் போவது மாதத்தில் நாலைந்து நாள்தான் என்றார். பிள்ளைகள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. விஞ்ஞானி தினமும் முக்குளிப்பார் என்று நினைத்திருந்தார்கள்.

அப்புறம் பையிலிருந்து ஒரு சட்டத்தை எடுத்தார். பி.வி.சி. குழாயில் செய்த சதுரம், பக்கத்துக்கு 50 சென்டிமீட்டர். நடுவில் நூல் கட்டிக் கட்டம் பிரித்திருந்தது. கூட ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை, நூலில் கட்டிய பென்சில். தண்ணீருக்கு அடியில் அதில்தான் எழுதுவாராம். கரையை ஒட்டி முழங்கால் ஆழத்தில் புல் இருந்த இடத்தில் சட்டத்தை வைத்து, ஒரு மூலைக் கட்டத்தில் மட்டும் தளிர்களை எண்ணச் சொன்னார். மூன்று பேர் எண்ணினார்கள். ஒருத்தி 41 என்றாள், ஒருவன் 47, இன்னொருத்தி 52. யார் சொன்னது சரி என்று சண்டை. அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. “நாலாவது தடவை எண்ணுங்க” என்றார். ஒரே தளிரிலிருந்து பிரியும் இலைகளை 52 சொன்னவள் சில இடங்களில் தனித்தனியாக எண்ணியிருந்தது அப்போது தெரிந்தது. பாசி வேறு, கடல்புல் வேறு, இது வேரும் பூவும் உள்ள செடி என்று நான் வகுப்பில் மூன்று முறை சொல்லியிருக்கிறேன். அன்றுதான் ஏறியது.

இந்த நேரத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது. பயோடேட்டா என்று என்னைக் குத்திய அதே மாணவி, ஜூலையில் எழுதிய குறிப்பேட்டைக் கையில் வைத்திருந்தாள். “மேடம், எம்.எஸ்சி. முடிச்சது 2014. பிஎச்.டி. சேர்ந்தது 2016. நடுவுல ரெண்டு வருஷம் எங்க?”

அவர் சட்டத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

மரக்காணம் பக்கம் ஓர் இறால் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை. மாதம் 8,500 ரூபாய். பெரும்பாலும் இரவு. தொட்டி தொட்டியாக உப்பின் அளவு, ஆக்சிஜன், தண்ணீரின் சூடு பார்த்து எழுத வேண்டும். குஞ்சுக்குத் தீனி போட வேண்டும். காலையில் தூங்கி எழுந்து தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வுக்குப் படிப்பார். 2014 டிசம்பர் தேர்வில் வரவில்லை, 2015 ஜூனிலும் வரவில்லை. அப்பா பி.எட். விண்ணப்பம் வாங்கிப் பூர்த்தி செய்தே வைத்திருந்தார். ஊரில் பெண் பிள்ளைக்கு டீச்சர் வேலை போதும் என்ற பேச்சு. (என்னைப் பார்த்து, “தப்பா நினைக்காதீங்க மேடம்” என்றார். நினைக்கவில்லை. எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான், நான் அதைக் கேட்டு நடந்தவள்.) அந்த விண்ணப்பத்தின் கடைசித் தேதி போகும்வரை அதைத் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாராம். 2015 டிசம்பர் தேர்வைக் காரைக்குடியில் எழுதினார். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தது.

“அந்த ரெண்டு வருஷத்தை எதுக்கு மேடம் அன்னைக்குச் சொல்லல?”

“நீங்க கேட்கலயே பாப்பா. நானும் யார்கிட்டயும் சொல்றதில்ல. தோத்த வருஷம்னு நெனச்சுட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா கருவிய நம்பாம கண்ண நம்பக் கத்துக்கிட்டது அங்கதான். மீட்டர் சரின்னு காட்டும், குஞ்சு மேல வந்து மெதக்கும்” என்றார்.

பணத்தைப் பற்றியும் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். நானாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். 2016-இல் ஜே.ஆர்.எஃப். மாதம் 25,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து அதற்கு அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். ஆனதும் 28,000; 2019 ஜனவரி முதல் அது 35,000 ஆனது. இப்போது சேர்கிறவர்களுக்கு 2023 முதல் ஜே.ஆர்.எஃப். 37,000, எஸ்.ஆர்.எஃப். 42,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவருக்கு முதல் பணம் கைக்கு வர ஏழு மாதம் ஆனது, அதுவரை தங்கையின் சம்பளத்தில் சாப்பிட்டார். 2020-இல் ஊரடங்கு வந்து ஒரு பருவம் முழுக்கக் கடலுக்குப் போக முடியவில்லை. ஆய்வேட்டில் அந்த மாதங்களுக்கு எதிரே கட்டங்கள் காலியாகவே இருக்கின்றனவாம்.

இன்றைய நிலை? ஒப்பந்தம். திட்டம் ஓடும்வரை வேலை. அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். ‘திட்ட விஞ்ஞானி’ என்று இருந்தது, கீழே செல்லுபடியாகும் கடைசித் தேதி. ஒரு பையன் அந்தத் தேதியை விரலால் எண்ணிப் பார்த்தான், ஐந்து மாதம் இருந்தது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரமாகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசுவுக்குச் சாப்பாடு கடல்புல். “அந்தப் பிராணி புல்லு தின்னுறதுனால எனக்கும் சோறு கிடைக்குது” என்று சிரித்தார்.

படகோட்டி வந்து சேர்ந்தது அப்போது. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். “பாப்பா, தண்ணி வத்துது, கெளம்பலாமா?” என்றவரைப் பிள்ளைகள் விடவில்லை. இவங்க முதல் நாள் படகில் எப்படி இருந்தாங்க தாத்தா? அவர் எங்கள் விஞ்ஞானியைப் பார்த்தார். சொல்லலாம் என்று அவர் தலையாட்டினார். “வாந்தி. போறப்பவும் வாந்தி, வாறப்பவும் வாந்தி. ஒரு மாசம்.” மீனவர் வீட்டுப் பெண், முதல் முறை படகு ஏறியதும் நீச்சல் பழகியதும் ஆய்வுக்குச் சேர்ந்த பிறகுதான். ஆண்பிள்ளை என்றால் ஏழு வயதில் அப்பா தூக்கிப் படகில் போட்டிருப்பார். இதை ஜூலையில் யாரும் கேட்கவில்லை, ‘சவால்கள்’ என்று பொதுவாகக் கேட்டதோடு சரி.

கடற்பசு மேய்ந்த தடத்தை அவருக்கு முதலில் காட்டியதும் இந்தத் தாத்தாதான். ஆவுளியா என்பார்கள் இங்கே. புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். தின்ற இடத்தில் புல்வெளி நடுவே வளைந்து வளைந்து ஒரு வெறும் மணல் பாதை கிடக்கும். ஆய்வாளர் முதலில் நங்கூரம் இழுத்த கோடு என்று நினைத்திருக்கிறார். “நங்கூரம் இழுத்தா ஓரத்துல மண்ணு மேடு தட்டும், இதுல பாருங்க” என்று தாத்தா காட்டியிருக்கிறார். பாசி எடுக்கும் சின்னம்மா ஒருவர் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பெயர் பெயராகச் சொல்லிக் கொடுத்தார். இருவர் பெயரும் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் இருக்கின்றன.

எழுதி ஒட்டியது

பதிவு 74 நிமிடம், காற்று போக. பிள்ளைகள் வரைவை எழுதி அவருக்கு அனுப்பினார்கள். இரண்டு இடம் திருத்தினார். ஒரு இடத்தை எடுத்துவிடச் சொன்னார், குடும்பத்தில் இன்னொருவரைப் பற்றியது. எடுத்துவிட்டோம், அதற்காக ஒரு மாணவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தான், அதுதான் கட்டுரையிலேயே நல்ல பத்தி என்று. நல்ல பத்திதான். அதற்கு என்ன செய்வது?

பள்ளிக்குள்ளும் ஒரு தகராறு. ஒப்பந்த வேலை, ஏழு மாதம் பணம் வராதது இதெல்லாம் சுவரில் வேண்டாம், பிள்ளைகள் அறிவியல் பக்கமே வர மாட்டார்கள் என்றார் தலைமை ஆசிரியர். அவர் பயம் எனக்குப் புரிந்தது. நல்லதை மட்டும் சொல்லித்தான் ஜூலைக் கட்டுரை எழுதினோம், அதை யாரும் படிக்கவில்லை என்று நான் சொன்னேன். பத்து நாள் இழுத்து, அப்படியே ஒட்டச் சம்மதித்தார். பக்கத்திலேயே ஜூலைக் கட்டுரையையும் ஒட்டினோம். இடைவேளையில் பிள்ளைகள் எதன் முன்னால் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இதனால் வகுப்பில் எல்லோரும் விஞ்ஞானி ஆகப் போகிறார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான், அப்படி நடக்கவில்லை. குறிப்பேட்டு மாணவி தொண்டியில் இருக்கும் அழகப்பா பல்கலைக்கழகக் கடலியல் துறையைப் பற்றி விசாரித்தாள். நீட் எழுதுவதாக இருந்த ஒருவன் அதிலேயே இருக்கிறான். இன்னொருத்தி, “அஞ்சு மாசத்துல முடியிற வேலை எனக்கு ஆகாது டீச்சர், எங்க வீட்டுக்கு மாசாமாசம் பணம் வேணும்” என்று தெளிவாகச் சொன்னாள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தால் வேறு என்ன வேலைக்குப் போகலாம் என்று இப்போது அவளும் நானும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த முறைக்குச் சரிசெய்ய வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. ஆறு பேர் போனால் இரண்டு பேர்தான் பேசுகிறார்கள். நவம்பரில் அந்தப் படகோட்டித் தாத்தாவைப் பேட்டி எடுக்க மூன்று பேரை மட்டும் அனுப்பினேன், அதுவும் முன்பு வாய் திறக்காத மூன்று பேர். வாடை அடித்துக்கொண்டிருந்தது, வல்லங்கள் கரையேறிக் கிடந்தன. கைக்குட்டை சுற்றிய போனைத் திண்ணையில் வைத்துவிட்டு ஒருத்தி ஆரம்பித்தாள்.

“தாத்தா, போன செவ்வாய்க்கிழமை என்ன செஞ்சீங்க?”

“போன செவ்வாயா? கடலுக்கே போகலயே தாயி. காத்து.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

“அப்ப அன்னைக்குப் பூரா என்ன செஞ்சீங்க?”

தாத்தா பக்கத்தில் கிடந்த வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஓட்டை எங்கே என்று தேட ஆரம்பித்தார்.